ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு டேப்லெட்டும் போனும்: பழகவும் உணர்வைச் சொல்லவும் உதவும் முழுமையான வழிகாட்டி

செயலியில் வரும் முகங்களைப் பார்த்து "சோகம்", "கோபம்", "பயம்" என்று சரியாகத் தொட்டுப் பத்துக்குப் பத்து வாங்கும் பிள்ளை, அம்மா சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் வந்து டிவி ரிமோட்டைக் கேட்பான். அவனுக்கு இரக்கம் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அம்மாவின் முகம் செயலியில் வந்த படம் போல அசையாமல் நிற்கவில்லை. அழுகிறவரிடம் போய் என்ன செய்ய வேண்டும் என்பதைச் செயலி சொல்லித் தரவும் இல்லை. அவனே கலங்கிப்போய், தனக்குத் தெரிந்த ஆறுதலைத் தேடித்தான் ரிமோட்டைக் கேட்டான் என்றும் இருக்கலாம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்று இணையத்தில் ஏராளமான செயலிகளும் கருவிகளும் விற்கிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய ஒரு கேள்வி போதும்: இதைப் பயன்படுத்தும்போது பிள்ளை ஒரு மனிதரை நோக்கி வருகிறானா, மனிதரை விட்டு விலகிப் போகிறானா? கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

சுமார் 4 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளின் பெற்றோருக்காக எழுதுகிறேன். ஸ்பீச் தெரபிஸ்ட், ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்), ஸ்பெஷல் எஜுகேட்டர் யாரிடமாவது போய்க்கொண்டிருந்தால் இதை அவர்களோடு பேசி, சேர்த்துச் செய்யுங்கள். அவர்களுக்குப் பதிலாக இதை வைக்காதீர்கள். எழுத வசதிக்காக "அவன்" என்கிறேன். பெண் பிள்ளைக்கும் இதேதான்.

படி 1: எதையும் பதிவிறக்கும் முன் ஒரு வாரம் கவனியுங்கள்

எந்தச் செயலி நல்லது என்பது கடைசியில் கேட்க வேண்டியது. ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் மூன்று விஷயங்களை மட்டும் குறியுங்கள். அவன் தானாக யாரையாவது தேடி வந்த நேரங்கள். கையைப் பிடித்து இழுத்தது, பொம்மையைக் கொண்டு வந்து மடியில் போட்டது எல்லாமே கணக்கு. அழுகையோ அடியோ வருவதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது என்பது. எதைப் பார்த்தால், எதைக் கேட்டால் அவன் முகம் மலர்கிறது என்பது.

மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. ஓடும் மின்விசிறி, பஸ் வழித்தட எண்கள், ரயில் அறிவிப்பு, வாஷிங் மெஷின் சுழலும் சத்தம் என்று ஏதோ ஒன்று இருக்கும். அதை ஒழிக்க வேண்டிய பழக்கமாகப் பார்க்காமல் குறித்து வையுங்கள். பின்னால் சொல்லித் தரப்போகும் எல்லாமே அந்த விருப்பத்தின் வழியாகத்தான் உள்ளே போகும்.

இதோடு, தினமும் நடக்கும் ஒரு சூழ்நிலையை, சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளை விளையாட வரும் நேரம் மாதிரி ஒன்றை, இரண்டு நிமிடம் போனில் படமெடுத்து வையுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க இது வேண்டும். நம் ஞாபகத்தை நம்ப முடியாது. நல்ல நாளில் எல்லாமே மாறிவிட்டது போலிருக்கும்; மோசமான நாளில் எதுவுமே நகரவில்லை என்று தோன்றும்.

நோட்டைப் பார்த்து ஒரே ஒரு சூழ்நிலையைத் தேர்ந்தெடுங்கள். "நன்றாகப் பழக வேண்டும்" என்பதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. "ஊஞ்சலில் தன் முறை வரும்வரை நிற்க வேண்டும்", "வயிறு வலித்தால் யாரிடமாவது காட்ட வேண்டும்" என்கிற அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும்.

படி 2: கருவியைத் தயார் செய்யுங்கள்

முடிந்தால் பேசுவதற்கு ஒரு கருவி, பாட்டும் கார்ட்டூனும் பார்க்க வேறொன்று என்று பிரித்துவிடுங்கள். இரண்டும் ஒன்றிலேயே இருந்தால், பேசும் செயலியை மூடிவிட்டு யூடியூபுக்குத் தாவுவதே தினசரிச் சண்டையாகிவிடும். புதிதாக வாங்க வேண்டும் என்று இல்லை. வீட்டில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனில் தொடங்கலாம். சின்னக் கட்டங்களைச் சரியாகத் தொட முடியாத பிள்ளைக்கு மட்டும் பெரிய திரை வேண்டியிருக்கும். கைப்பிடி வைத்த தடித்த ரப்பர் உறையைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

ஐபேடில் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மைப் பகுதியில் 'கைடட் ஆக்சஸ்' என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டு, செயலி திறந்திருக்கும்போது ஹோம் பட்டனையோ, அது இல்லாத மாடலில் மேல் பட்டனையோ மூன்று முறை அழுத்தினால், பிள்ளை அந்தச் செயலியை விட்டு வெளியே போக முடியாது. ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்' ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும். பாதுகாப்பு அமைப்புகளில் தேடிப் பாருங்கள். அறிவிப்புகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். யூடியூபில் ஆட்டோபிளேயையும் நிறுத்துங்கள். ஒரு வீடியோ தானாக முடியும் இடம் இருந்தால்தான் நீங்கள் உள்ளே நுழைய முடியும்.

நேரக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2021 வழிகாட்டுதலில், 2 வயதுக்குள் திரையே வேண்டாம் (உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்புக்கு விலக்கு உண்டு), 2 முதல் 5 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று இருக்கிறது. பொழுதுபோக்குக்கு இதைக் கடைப்பிடியுங்கள். பேச உதவும் செயலியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மற்றப் பிள்ளையிடம் "இன்றைக்கு ஒரு மணி நேரம் பேசிவிட்டாய், போதும்" என்று நாம் சொல்வதில்லை.

படி 3: முதலில் "வேண்டாம்" என்று சொல்ல ஒரு வழி

உணர்ச்சி வளர்ச்சி என்றதும் சிரித்த முகம், அழுத முகம் என்று அட்டைகளை எடுத்துவிடுகிறோம். அதற்கெல்லாம் முன்னால் அவனுக்குத் தேவைப்படுவது மறுப்புச் சொல்ல ஒரு வழி. அது இல்லாத பிள்ளை கடிக்கிறான், தள்ளுகிறான், கடைத்தெருவில் தரையில் விழுகிறான். அவனைப் பொறுத்தவரை அதுதான் வேலை செய்யும் ஒரே மொழி.

படத்தைத் தொட்டால் அந்த வார்த்தையை உரக்கச் சொல்லும் செயலிகளை ஏ.ஏ.சி. செயலிகள் என்பார்கள். இதில் நமக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. ஆவாஸ் சென்னையில் உருவானது. ஐஐடி மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன் தொடங்கியது. தனிக் கருவியாக வந்து, பிறகு டேப்லெட்டுக்கு மாறியது, தமிழிலும் பேசும். அதற்குக் கட்டணம் உண்டு, எனவே சோதனைக் காலத்தில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஐஐடி பாம்பேயில் உருவான ஜெல்லோவை இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம்.

பல வீடுகளில் முதலில் பிஸ்கட், ஜூஸ், பால், பந்து என்று பெயர்களாகப் போட்டு நிரப்புகிறார்கள். அப்படிச் செய்தால் டேப்லெட் ஹோட்டல் மெனு கார்டு ஆகிவிடும். பிள்ளைக்கு நீங்கள் சர்வர். கேட்டது வந்ததும் பேச்சு முடிந்தது. அதற்குப் பதில் வேணும், வேண்டாம், போதும், இன்னும், நிறுத்து, வலிக்குது, பிடிச்சிருக்கு, என் முறை, உன் முறை, வா, பாரு என்று தொடங்குங்கள். கடைசி இரண்டை மறந்துவிடாதீர்கள். "வா" என்று கூப்பிடுவதற்கும் "பாரு" என்று காட்டுவதற்கும் ஒரு மனிதர் எதிரே இருந்தாக வேண்டும்.

குரல் "வேண்டும்" என்று ஒலித்தால் அது செய்தி வாசிப்பவர் பேசுவது போலிருக்கும். வார்த்தையைத் திருத்தும் வசதி இருந்தால் உங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே வைத்துவிடுங்கள். மதுரை வீட்டில் மதுரைப் பேச்சு, நாகர்கோவில் வீட்டில் அந்த ஊர்ப் பேச்சு.

இனி முக்கியமான வேலை உங்களுடையது. பிள்ளையைத் தொடச் சொல்லாதீர்கள். நீங்கள் பேசும்போது நீங்களே தொடுங்கள். "இன்னும் தோசை வேணுமா?" என்று கேட்கும்போது 'இன்னும்' என்பதைத் தொடுங்கள். அப்பா கதவைத் திறந்தால் "வா" தொடுங்கள். வானத்தில் விமானம் போனால் "பாரு". அவன் திரும்பிக்கூடப் பார்க்காத நாட்கள் வரும். பரவாயில்லை, பேசும் குழந்தையும் வாயைத் திறக்கும் முன் ஒரு வருடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "இது என்ன? எங்கே தொடு பார்ப்போம்" என்று பரீட்சை வைத்தால் செயலியே அவனுக்கு வெறுத்துவிடும்.

ஒரு வார்த்தையைக் காட்டிவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். கூட்டுக் குடும்பத்தில் இதுதான் பெரும்பாடு. ஐந்து எண்ணுவதற்குள் பாட்டி தட்டை நீட்டிவிடுவார். பாட்டியைத் தடுப்பதை விட, பாட்டிக்கே "வா", "போதும்" இரண்டையும் தொடக் கற்றுக்கொடுத்துவிடுங்கள். பேரனோடு பேச ஒரு வழி கிடைத்தால் பாட்டிகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

அவன் "வேண்டாம்" தொட்டால் அதற்கு மதிப்புக் கொடுங்கள். முதல் சில வாரங்கள் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்பான். அது நல்ல செய்தி. மருந்து மாதிரித் தவிர்க்க முடியாததாக இருந்தால், "வேண்டாம்னு சொன்னது கேட்டுச்சு. மருந்து குடிச்சே ஆகணும். ஸ்பூன்லயா, கப்லயா?" என்று கேளுங்கள். தண்டனையாக இந்தச் செயலியைப் பிடுங்கி வைப்பது மட்டும் கூடவே கூடாது.

"இதைக் கொடுத்தால் வாய்ப்பேச்சு வராமல் போய்விடுமே" என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. டயான் மில்லர், ஜேனிஸ் லைட், ரால்ஃப் ஷ்லாசர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2006இல் இது பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். நம்பகமான தரவு கிடைத்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. பெரும்பாலானோருக்குக் கொஞ்சம் கூடியிருந்தது. 2014இல் கோனி கசாரி என்ற ஆய்வாளரின் குழு, மிகக் குறைவாகவே பேசிய 5 முதல் 8 வயது வரையிலான 61 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்தது. விளையாட்டோடு சேர்ந்த பயிற்சியில் பேசும் டேப்லெட்டையும் முதலிலிருந்தே சேர்த்துக்கொண்டவர்கள், அது இல்லாமல் பயிற்சி பெற்றவர்களை விட அதிகமாகத் தாமாகப் பேச முன்வந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளையின் கையையோ தோளையோ வேறொருவர் பிடித்துக்கொண்டு, அல்லது எழுத்துப் பலகையைத் தாமே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அவனே எழுதுகிறான்" என்று காட்டும் முறைகளை நம்ப வேண்டாம். கையைப் பிடிக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தபோது அந்த வார்த்தைகள் பிடித்தவருடையவை என்றே தெரிந்தது. அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கம் 2018இல் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிக்கையே வெளியிட்டது.

பேசும் செயலியின் முதல் பக்கத்தை அச்செடுத்து லேமினேட் செய்து இரண்டு பிரதி வையுங்கள். சார்ஜ் தீர்ந்தாலும், கடற்கரைக்குப் போனாலும், குளிக்கும்போதும் குரல் கையில் இருக்க வேண்டும்.

படி 4: அடுத்து என்ன என்பது கண்ணுக்குத் தெரியட்டும்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உங்கள் வீட்டுக் குளியலறை, உங்கள் பள்ளி வேன், உங்கள் தெருக் கடை என்று சொந்தப் படங்களாக எடுத்து, அன்றைய வேலைகளை வரிசையாக வையுங்கள். சின்னப் பிள்ளைக்கு "முதல்ல இது, அப்புறம் இது" என்று இரண்டு படம் போதும். நேரம் கரைவது கண்ணில் தெரியும் டைமர் செயலி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திட்டம் மாறும் நாளுக்கென்று தனியாக ஒரு "மாற்றம்" படம் வைத்து, முதலில் நல்ல மாற்றங்களுக்கு அதைக் காட்டுங்கள்: இன்று வீட்டுப்பாடம் இல்லை, ஐஸ்கிரீம். கெட்ட செய்தியோடு மட்டும் அந்தப் படம் வந்தால், அதைப் பார்த்ததுமே அழத் தொடங்கிவிடுவான்.

படி 5: உங்கள் வீட்டிலேயே எடுக்கும் வீடியோ

என்னைக் கேட்டால், பழகக் கற்றுக்கொடுக்கப் போனில் இருக்கும் மிகப் பயனுள்ள பொருள் கேமராதான். செய்ய வேண்டியதை ஒருவர் செய்து காட்டும் சின்ன வீடியோவை எடுத்து, பிள்ளை பார்த்துவிட்டு உடனே செய்து பார்க்கும் முறை இது. ஆய்வாளர்கள் ஸ்காட் பெலினியும் ஜெனிஃபர் அகுலியனும் 2007இல் 23 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, பழகும் திறனிலும் பேச்சிலும் இது பலன் தருகிறது, கற்றது நிலைக்கிறது, வேறு இடங்களுக்கும் போகிறது என்று எழுதினார்கள். நேரில் செய்து காட்டும்போது ஒரே நேரத்தில் ஆயிரம் விஷயம் கண்ணில் படும். வீடியோவில் தேவையானது மட்டும் இருக்கும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும்.

எடுக்கும் முறை: முதல் படியில் தேர்ந்தெடுத்த அதே சூழ்நிலை, அதே இடம். ஊஞ்சல் என்றால் உங்கள் தெருப் பூங்கா ஊஞ்சலேதான். நடிப்பவர் அவனுக்குப் பிடித்த அத்தை மகனோ, அக்காவோ. நீளம் 30 விநாடி முதல் 1 நிமிடம். பின்னணி இசை வேண்டாம், சுற்றி யாரும் நடமாட வேண்டாம். போனைப் பிள்ளையின் கண் உயரத்தில் வையுங்கள். அக்கா வரிசையில் நிற்கிறாள், "அடுத்து நான்" என்கிறாள், விரலில் எண்ணுகிறாள், முறை வருகிறது, ஏறி ஆடுகிறாள், சிரிக்கிறாள். முடிந்தது. தவறாகச் செய்வதைக் காட்டி "இப்படிச் செய்யாதே" என்ற காட்சியைச் சேர்க்காதீர்கள். பல பிள்ளைகள் அதைத்தான் அப்படியே பிடித்துக்கொள்வார்கள்.

பூங்காவுக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஒரு முறை, பூங்கா வாசலில் ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். பிறகு போனைப் பையில் வைத்துவிட்டு உடனே ஊஞ்சலுக்குப் போய்விடுங்கள். பார்த்ததற்கும் செய்வதற்கும் நடுவே இடைவெளி விழக் கூடாது. அவனுக்கு வரத் தொடங்கியதும் வீடியோவின் கடைசிப் பகுதியை வெட்டிச் சுருக்குங்கள், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் காட்டுங்கள், அப்புறம் நிறுத்திவிடுங்கள். ஊஞ்சலில் வந்தது சறுக்கு மரத்திலும் தானாக வந்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். அதையே வேறொரு இடத்தில், வேறொரு பிள்ளையோடு இன்னொரு வீடியோ எடுங்கள்.

இதில் இன்னொரு வகை, அவனையே நாயகனாக்குவது. நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்ததைப் படமெடுத்து, உங்கள் குரலையும் கையையும் வெட்டிவிட்டால் அவன் தானாகவே செய்தது போல வரும். போனில் இருக்கும் சாதாரண எடிட்டிங்கே போதும். தன்னைத் திரையில் பார்க்கப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பிடிபடுகிறது. பிடிக்காத பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

படி 6: உணர்வு முகத்தில் இல்லை, முதலில் உடம்பில்

ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்கள் உணர்வு இன்னதென்று பிரித்தறிந்து சொல்வதே கடினம் என்று 2019இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. தன் நெஞ்சு படபடப்பதே பயம் என்று தெரியாத பிள்ளையிடம், அடுத்தவர் முகத்தில் பயத்தைக் கண்டுபிடி என்று கேட்கிறோம். அதனால் வரிசையை மாற்றுங்கள்.

பேசும் செயலியில் ஒரு பக்கத்தை உடம்புக்கென்று ஒதுக்குங்கள்: வயிறு இறுகுது, நெஞ்சு வேகமா அடிக்குது, காது வலிக்குது, சூடா இருக்கு, கை கால் துறுதுறுங்குது, தூக்கம் வருது, பசிக்குது. நீங்கள் உங்களைப் பற்றியே தொடுங்கள். "சத்தம் ஜாஸ்தி, அம்மாவுக்குக் காது வலிக்குது, அம்மா வெளியே போறேன்." உணர்வு, அதற்கு என்ன செய்வது, இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகிறது. "கோபம்", "பயம்" என்ற பெயர்களைப் பிறகு மெதுவாக ஒட்டலாம்.

அளவு காட்ட வால்யூம் கோடு நல்ல உதவி. போனில் வால்யூம் கூடுவது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். 0 முதல் 5 வரை ஒரு கோடு வரைந்து, "இப்ப எவ்வளவு?" என்று நாளில் மூன்று தடவை, அமைதியாக இருக்கும் நேரங்களிலும் கேளுங்கள். 2 வந்தால் என்ன செய்யலாம், 3 வந்தால் எங்கே போகலாம் என்று அவனோடு சேர்ந்து படம் ஒட்டுங்கள். 5 வந்த பிறகு கேட்பதில் பிரயோஜனம் இல்லை. மெல்ட்டவுன், அதாவது தாங்க முடியாமல் உடைந்துபோவது, நடக்கும்போது பாடம் நடத்த முடியாது. விளக்கைக் குறையுங்கள், பேச்சைக் குறையுங்கள், பக்கத்தில் இருங்கள். அந்த நேரத்தை வீடியோ எடுத்துப் பின்னால் அவனுக்கே காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். எவருக்கும் தன்னுடைய மிக மோசமான நிமிடத்தைத் திரையில் பார்க்கப் பிடிக்காது.

அழுதால் உடனே கார்ட்டூன் போட்டுக் கொடுப்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழுகை கார்ட்டூனுக்கான பட்டன் ஆகிவிடும் என்பது உண்மை. ஆனால் அமைதிப்படும் வழிகளில் ஒன்றாக ஒரு பாட்டையோ வீடியோவையோ வைப்பதில் தவறில்லை. அதை 2லோ 3லோ இருக்கும்போதே, அவன் கேட்டு, கொடுங்கள். அந்தக் கேட்பதுதான் நமக்கு வேண்டியது.

முகங்களுக்கு வருவோம். செயலியில் உள்ள அந்நிய முகங்களை விட வீட்டார் முகங்கள் மேல். பிடித்த கார்ட்டூனையோ நகைச்சுவைக் காட்சியையோ பாதியில் நிறுத்தி "இவனுக்கு இப்ப வயிறு எப்படி இருக்கும்? அடுத்து என்ன செய்வான்?" என்று பேசுவது இன்னும் மேல். விருப்பத்தின் வழியாகப் போவது என்று முன்னால் சொன்னதற்கு இங்கே ஒரு நல்ல உதாரணம் உண்டு. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ரயில், டிராம் போன்ற வண்டிகளுக்கு நிஜ மனித முகங்களைப் பொருத்தி அனிமேஷன் தொடர் ஒன்றை எடுத்தார்கள். 4 முதல் 7 வயதுப் பிள்ளைகள் நான்கு வாரம் அதைப் பார்த்தபின் முகங்களில் உணர்வைக் கண்டுகொள்வது மேம்பட்டது என்று 2010இல் வெளியிட்டார்கள். அறிவுத்திறன் குறைந்த பிள்ளைகளிடம் 2012இல் வேறொரு குழு சோதித்தபோது பலன் கொஞ்சம்தான். ஸ்டான்ஃபோர்டில், மூக்குக்கண்ணாடி போல அணியும் சின்னக் கணினியான கூகுள் கண்ணாடியை வைத்து, எதிரில் இருப்பவர் முகத்தின் உணர்வை உடனுக்குடன் சொல்லும் கருவியை 6 முதல் 12 வயதுவரை 71 பிள்ளைகளிடம் பார்த்து, 2019இல் ஓரளவு முன்னேற்றம் கண்டார்கள். இவை நம் கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

"கண்ணைப் பார்த்துப் பேச" பழக்கும் விளையாட்டுகளைத் தாராளமாகத் தவிர்க்கலாம். கண்ணைப் பார்த்தால் கேட்பது தடைபடுகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்கிறார்கள். திரும்பிக் காது கொடுத்தாலே போதும்.

படி 7: புது இடத்துக்கு முன்னால் ஒரு கதை

கல்யாண மண்டபம், முடிவெட்டும் கடை, பல் டாக்டர் என்று போகப்போகும் இடத்தை முன்கூட்டியே விளக்கும் சின்னக் கதைகளை 1991இல் அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே முறைப்படுத்தினார். அவர் விதியின் சாரம்: விளக்கம் நிறைய, கட்டளை கொஞ்சம். பக்கத்துக்கு ஒரு படம், ஓரிரு வரி, உங்கள் குரல் பதிவு என்று போனில் இருக்கும் ஸ்லைடு செயலியிலேயே செய்துவிடலாம். மண்டபத்தின் படத்தை முன்னதாகவே யாரையாவது எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு மாதிரி:

"ஞாயிற்றுக்கிழமை சித்தி கல்யாணம். நாங்கள் மண்டபத்துக்குப் போவோம். அங்கே நிறைய பேர் இருப்பார்கள். நாதஸ்வரமும் மேளமும் வாசிப்பார்கள். தாலி கட்டும்போது மேளச் சத்தம் ரொம்பக் கூடும். அது கெட்டிமேளம். கொஞ்ச நேரத்தில் குறைந்துவிடும். நான் ஹெட்போன் போட்டுக்கொள்ளலாம். 'போதும்' என்று காட்டினால் அப்பா என்னை வெளியே கூட்டிப்போவார். சிலர் என் கன்னத்தைத் தொட வருவார்கள். எனக்குப் பிடிக்காவிட்டால் கைகூப்பி வணக்கம் சொல்லலாம். பாயசம் இருக்கும். எனக்குப் பாயசம் பிடிக்கும்."

"நான் அழமாட்டேன், சமர்த்தாக இருப்பேன்" என்ற வரியைச் சேர்க்கும் ஆசை வரும். சேர்க்காதீர்கள். அது கதையை மிரட்டலாக்கிவிடும். "அப்பா வெளியே கூட்டிப்போவார்" என்று எழுதினால், அன்றைக்கு அப்பா பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து வர வேண்டும்.

படி 8: திரைக்கு அந்தப் பக்கம் மனிதர்கள்

வெளியூர்த் தாத்தாவோடு வீடியோ அழைப்பில் "ஹாய் சொல்லு, தாத்தாவுக்கு முத்தம் கொடு" என்று பிள்ளையை உலுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பதில் அழைப்புக்கு ஒரு வேலை கொடுங்கள். தாத்தா ஒரு பையிலிருந்து பொருளை மெதுவாக வெளியே எடுப்பார், இவன் "இன்னும்" தொட்டால் அடுத்ததை எடுப்பார். மூன்று நிமிடம் போதும். சிரிப்போடு இருக்கும்போதே முடித்துவிடுங்கள். நேரடி அழைப்பு பிடிக்காத பிள்ளைக்கு வாட்ஸ்அப் குரல் செய்தி ஏற்றது. பதில் சொல்ல அவசரமில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு விளையாட்டே நட்பின் இடம். கனடாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் டங்கன் 2013இல் ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் என்று மைன்கிராஃப்ட் என்ற, கட்டி விளையாடும் இணைய விளையாட்டில் ஆட்கிராஃப்ட் என்ற தனி இடத்தை (சர்வர்) தொடங்கினார். கேலியும் சீண்டலும் இல்லாத இடத்தில் பிள்ளைகள் தாங்களாகவே சேர்ந்து கட்டினார்கள், பேசினார்கள். ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதியது இதோடு பொருந்துகிறது: புரிந்துகொள்ளாமை ஒரு பக்கம் மட்டும் இல்லை, மற்றவர்களுக்கும் இவர்களைப் படிக்கத் தெரிவதில்லை. அதனால் உங்கள் பிள்ளையின் பஸ் எண் மோகத்தைப் பகிரும் இன்னொரு பிள்ளை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வீட்டில் ஒரே டேப்லெட்டில் இருவர் மாறி மாறி ஆடும் விளையாட்டில் தொடங்கலாம். இணையத்தில் முன்பின் தெரியாதவரோடு பேசும் வசதியை மூடி வையுங்கள். இந்தப் பிள்ளைகளை ஏமாற்றுவது எளிது.

ரோபோ வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் 2018 ஆய்வில் 12 பிள்ளைகளின் வீட்டில் ஒரு மாதம் தினமும் அரை மணி நேரம் ரோபோவோடு விளையாட வைத்தபோது, பெரியவர்களோடு சேர்ந்து ஒரே பொருளைக் கவனிப்பது கூடியது. ரோபோ போன ஒரு மாதத்தில் அந்த முன்னேற்றம் ஓரளவு இறங்கியது. அந்தப் பணத்துக்குத் தெரபி நேரம் வாங்கலாம் என்பது என் கருத்து.

படி 9: சரிபாருங்கள், பள்ளிக்குக் கொண்டுபோங்கள்

இரண்டு மாதம் கழித்து அதே சாயங்காலத்தை மீண்டும் இரண்டு நிமிடம் படமெடுங்கள். செயலியில் எத்தனை நட்சத்திரம் வாங்கினான் என்பதை விட்டுவிடுங்கள். அவன் தானாக யாரையாவது கூப்பிட்டது, காட்டியது, மறுத்தது எத்தனை தடவை என்று இரண்டு வீடியோவிலும் எண்ணுங்கள். கூடியிருந்தால் தொடருங்கள். கூடாமல், கருவியோடு தனியாக உட்காரும் நேரம் மட்டும் கூடியிருந்தால் அந்தச் செயலியை எடுத்துவிடுங்கள், அது எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும்.

வீடியோக்களை உங்கள் போனிலும் ஒரு பென்டிரைவிலும் வையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். அங்கிருந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. கேமரா, இருப்பிடம், தொடர்பு எண்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும் செயலியிடம் காரணம் இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

பள்ளியில் "போன் அனுமதி இல்லை" என்பார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்டுள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு உதவி பெறும், அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பிள்ளையின் தேவைக்கேற்ற நியாயமான வசதியைச் செய்து தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. இதைச் சொல்லி, பேசும் செயலி மட்டும் பூட்டி வைத்த டேப்லெட்டுக்கு அனுமதி கேட்டு எழுத்தில் கொடுங்கள், யு.டி.ஐ.டி. அட்டையின் (மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டை) நகலையும் தெரபிஸ்டின் கடிதத்தையும் இணையுங்கள். தெரபிஸ்ட் கிடைக்காதவர்கள் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நீப்மெட் (NIEPMD) நிறுவனத்தை அணுகலாம். ஆட்டிசம் போன்ற நிலை உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில், வருடத்துக்கு ரூ.1 லட்சம் வரையிலான வரம்புக்குள் தெரபிச் செலவுக்கும் இடம் இருக்கிறது.

ஆசிரியருக்கு நீண்ட விளக்கம் எழுதாதீர்கள், படிக்க அவருக்கு நேரம் இருக்காது. ஒரே பக்கத்தில் நான்கு வரி: அவனுக்கு என்ன பிடிக்கும், 3க்கு வந்துவிட்டான் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, அப்போது எங்கே போக விடுவது, "வேண்டாம்" தொட்டால் என்ன செய்வது. அதோடு லேமினேட் செய்த படப் பக்கத்தில் ஒன்றை அவன் மேஜையிலும், இன்னொன்றைப் பக்கத்து இருக்கைப் பிள்ளையின் மேஜையிலும் ஒட்டச் சொல்லுங்கள்.